கால் வீக்கமும் ‘எடிமா’ என்ற சொல்லும்



கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது நம் உறுப்பினர்கள் பலர் மஞ்சப்பையில் ஆஸ்பத்திரிச் சீட்டையும் சேர்த்து எடுத்து வருகிறார்கள். “இதுல என்னம்மா எழுதியிருக்கு, கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க” என்று கேட்கிறார்கள். அப்படி வரும் சீட்டுகளில் நாங்கள் அடிக்கடி பார்க்கும் ஒரு சொல் ‘எடிமா’. சில சீட்டில் ‘பீடல் எடிமா’ என்று இருக்கும். “எனக்கு எடிமான்னு ஒரு வியாதி வந்திருக்காம், வைத்தியத்துக்கு உள்கடன் வேணும்” என்று கேட்ட உறுப்பினரும் உண்டு.

எடிமா என்பது ஒரு வியாதியின் பெயரே இல்லை. அது ஒரு அறிகுறியின் பெயர். இந்த வித்தியாசம் புரிந்தால் வீண் செலவு குறையும். சில நேரம் உயிரே பிழைக்கும். அதனால் இந்த மாதப் பாடமாக இந்த ஒரு சொல்லை எடுத்துக்கொள்கிறோம். படிக்கத் தெரிந்த ஒருவர் சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் கேளுங்கள். நீளமாக இருந்தால் இரண்டு வாரக் கூட்டங்களில் பிரித்துப் படியுங்கள்.

சொல் எங்கிருந்து வந்தது?

டாக்டர்கள் எழுதும் சொற்களில் பாதிக்கு மேல் ஆங்கிலமே கிடையாது. பழைய கிரேக்க மொழியிலிருந்தும் லத்தீன் மொழியிலிருந்தும் வந்தவை. எடிமாவும் கிரேக்கச் சொல்தான். அந்த மொழியில் ‘ஓய்டெயின்’ என்றால் வீங்குதல். அதிலிருந்து வந்த ‘ஓய்டேமா’ என்றால் வீக்கம். அதுதான் தேய்ந்து எடிமா ஆனது. அவ்வளவுதான் அர்த்தம். ‘வீக்கம்’ என்று நாம் சொல்வதையே டாக்டர் கிரேக்கத்தில் சொல்கிறார்!

கிரேக்க நாட்டில் ஈடிபஸ் என்று ஒரு ராஜாவின் பழங்கதை உண்டு. அவன் பச்சைக் குழந்தையாக இருந்தபோது, பெற்றவர்களே கணுக்காலைத் துளைத்துக் கட்டி, மலையில் கொண்டுபோய் விட்டுவிடச் சொன்னார்கள். ஆடு மேய்ப்பவர் ஒருவர் இரக்கப்பட்டுக் காப்பாற்றினார். கால் வீங்கியிருந்ததால் அந்தக் குழந்தைக்கு ஈடிபஸ் என்று பெயர் வந்தது. ஈடிபஸ் என்றால் ‘வீங்கிய கால்’. எடிமா பிறந்த அதே வேரிலிருந்துதான் இந்தப் பெயரும் பிறந்தது.

‘பீடல்’ என்பது என்ன? லத்தீனில் பாதத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. நம் பிள்ளைகள் மிதிக்கிற சைக்கிள் பெடல் இருக்கிறதே, அந்தச் சொல்லும் இதே இடத்திலிருந்து வந்ததுதான். ஆக ‘பீடல் எடிமா’ என்றால் பாத வீக்கம்.

இங்கிலாந்தில் பழைய நாளில் இந்த வீக்கத்தை ‘டிராப்ஸி’ என்றார்கள். அதுவும் கிரேக்கம்தான். ‘ஹைடோர்’ என்றால் தண்ணீர். அதிலிருந்து வந்த ‘ஹைட்ராப்ஸ்’ பல ஊர்ச் சனங்கள் வாயில் புரண்டு, முன்னெழுத்து உதிர்ந்து டிராப்ஸி ஆகிவிட்டது. விரைவீக்கத்தை ‘ஹைட்ரோசில்’ என்கிறார்களே, அதன் முன்பாதியும் இந்தத் தண்ணீர்தான்.

வயிற்றில் நீர் கோத்தால் டாக்டர்கள் ‘அசைட்டிஸ்’ என்று எழுதுவார்கள். கிரேக்கத்தில் ‘அஸ்கோஸ்’ என்றால் தோல்பை. அந்தக் காலத்தில் அங்கே திராட்சை மதுவைத் தோல்பையில்தான் ஊற்றி வைப்பார்கள். நீர் நிறைந்த வயிற்றைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பை ஞாபகம் வந்திருக்கிறது. கவலை இறைத்த காலத்துத் தோலைப் பார்த்திருக்கிற நம் பாட்டிமாருக்கு இது உடனே புரியும்.

நம் சொற்கள்

நம்மிடமும் இதற்குச் சொல் நிறைய இருக்கிறது. “கால்ல நீர் கோத்துக்கிச்சு”, “நீர் போட்டிருக்கு”, “மூஞ்சி ஊதிப்போச்சு”, “உடம்பு பொதபொதன்னு இருக்கு” என்று நாம் சொல்வதெல்லாம் எடிமாதான். சித்த வைத்தியத்தில் வீக்கத்தைச் ‘சோபை’ என்பார்கள். ரத்தம் குறைவது சோகை. சோகைக்கும் சோபைக்கும் ஒரு எழுத்துதான் வித்தியாசம். ரத்தம் மிகவும் குறைந்துபோனால் உடம்பில் வீக்கமும் வரும் என்பதையும் இந்த இரண்டு சொல்லை வைத்தே ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். வயிற்றில் நீர் கோப்பதற்குப் ‘பெருவயிறு’, ‘மகோதரம்’ என்று பெயர். மகா என்றால் பெரிய, உதரம் என்றால் வயிறு.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் ‘நீர்க்கோவை மாத்திரை’ என்று விற்கிறார்கள். அது சளி பிடித்துத் தலையில் நீர் கோத்தால் நெற்றியில் இழைத்துப் பற்றுப் போடுவது. பெயரில் நீர் இருக்கிறதே என்று கால் வீக்கத்துக்கு அதை வாங்கக் கூடாது.

தண்ணீர் எப்படித் தேங்குகிறது?

வயலை நினைத்துக்கொள்ளுங்கள். வாய்க்காலில் தண்ணீர் வருகிறது. கொஞ்சம் மண்ணுக்குள் இறங்குகிறது. மீதி வடிகால் வழியாக வெளியே போகிறது. வரத்தும் வடிகாலும் சரியாக இருந்தால் வயல் நன்றாக இருக்கும். உடம்பும் அப்படித்தான். மெல்லிய ரத்தக் குழாய்களிலிருந்து கொஞ்சம் நீர் கசிந்து சதைக்குள் போகும். திரும்ப ரத்தத்துக்கே வந்து சேரும். மிச்சத்தை நிணநீர்க் குழாய்கள் என்ற வடிகால்கள் எடுத்துக்கொண்டு போகும். இந்த வரவும் போக்கும் எப்படி நடக்கிறது என்பதை ஸ்டார்லிங் என்ற இங்கிலாந்து விஞ்ஞானி 1896-ல் விளக்கினார். இன்றைக்கும் மருத்துவ மாணவர்கள் அவர் பெயரைச் சொல்லித்தான் இதைப் படிக்கிறார்கள்.

வயலில் தண்ணீர் தேங்குவதற்கு நாலு காரணம் இருக்கலாம். உடம்பிலும் அதே நாலுதான்.

1. வாய்க்காலில் அழுத்தம் அதிகமாவது. இதயம் பலவீனமானால் ரத்தம் முன்னே போகாமல் பின்னால் தேங்கும். சிறுநீரகம் உப்பையும் நீரையும் வெளியே தள்ளாவிட்டாலும் இதே கதைதான்.

2. ரத்தத்தில் புரதம் குறைவது. ரத்தத்தில் ‘அல்புமின்’ என்ற புரதம் இருக்கிறது. நீரைக் குழாய்க்குள் பிடித்து வைப்பது அதன் வேலை. கல்லீரல் கெட்டால் அல்புமின் உற்பத்தி குறையும். சிறுநீரகம் கெட்டால் அது சிறுநீரில் ஒழுகிப் போகும்.

3. கரை ஓட்டையாவது. அடிபட்ட இடம், புண்ணான இடம், பூச்சி கடித்த இடம் வீங்குவது இதனால்தான்.

4. வடிகால் அடைபடுவது. யானைக்கால் நோயில் கொசு மூலம் உடம்புக்குள் வந்த புழு, நிணநீர் வடிகாலைக் கெடுத்துவிடுகிறது.

பாருங்கள், வீக்கம் ஒன்று. காரணமோ நாலு. ஆகவே “எடிமாவுக்கு மாத்திரை கொடுங்க” என்று மருந்துக் கடையில் கேட்பது, வயலில் ஏன் தண்ணீர் நிற்கிறது என்று பார்க்காமல் வாளியால் மொண்டு ஊற்றுகிற மாதிரி.

விரலால் அழுத்திப் பார்ப்போம்

இதைக் கூட்டத்திலேயே செய்து பார்க்கலாம். காலின் முன் எலும்பு மேல், கணுக்காலுக்குச் சற்று மேலே, கட்டை விரலால் அழுத்திப் பிடியுங்கள். ஒன்றிலிருந்து பத்து வரை மெதுவாக எண்ணி விரலை எடுங்கள். பிசைந்த மாவில் விரல் வைத்த மாதிரி பள்ளம் விழுந்து, அது உடனே மறையாமல் நின்றால் நீர் கோத்திருக்கிறது என்று அர்த்தம். சீட்டில் ‘பிட்டிங்’ என்று எழுதுவது இந்தப் பள்ளத்தைத்தான். முற்றிய யானைக்காலில் பள்ளம் விழாது. தோல் கெட்டியாகிவிடும்.

வீக்கம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. எங்கே, எப்போது என்றும் பார்க்க வேண்டும்.

நாள் முழுதும் நின்று வேலை செய்து, சாயங்காலம் இரண்டு பாதமும் லேசாக வீங்கி, படுத்து எழுந்தால் வடிந்துவிடுகிறது என்றால் பெரும்பாலும் பயமில்லை. நடவுக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிறவர்களுக்கு இது சகஜம். காலைத் தலையணை மேல் உயர்த்தி வைத்துப் படுங்கள். தினமும் வந்தாலோ கூடிக்கொண்டே போனாலோ காட்டுங்கள்.

காலையில் எழுந்ததும் கண்ணைச் சுற்றியும் முகத்திலும் வீக்கம் இருந்தால் சிறுநீரகத்தைச் சோதிக்க வேண்டும். சிறுநீரில் நுரை நிறைய வந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கால் வீங்கி, கொஞ்சம் நடந்தாலே மூச்சு வாங்கி, ராத்திரி படுத்தால் மூச்சுத் திணறி எழுந்து உட்கார வேண்டியிருந்தால் இதயத்தைப் பார்க்க வேண்டும். தாமதம் கூடாது.

வயிறு பெருத்து, கை மெலிந்து, கண் மஞ்சளானால் கல்லீரல். குடிப்பழக்கம் உள்ள ஆண்கள் இருக்கும் வீட்டில் இதைக் கவனியுங்கள்.

ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, கெண்டைக்கால் வலித்து, சூடாகவும் இருந்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். பிரசவம் ஆனவர்களுக்கும், ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்தவர்களுக்கும் இது வர வாய்ப்பு அதிகம். தைலம் போட்டு உருவிவிடாதீர்கள். உறைந்த கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து.

சில மாத்திரைகளாலும் கால் வீங்கும். பிரஷருக்குக் கொடுக்கும் அம்லோடிபின் மாத்திரையால் சிலருக்குக் கணுக்கால் வீங்குவது உண்டு. அப்படி இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், வேறு மாத்திரை மாற்றிக் கொடுப்பார். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பிரஷர் ஏறிப் பக்கவாதம் வந்தால் என்ன செய்வது? மூட்டு வலிக்கு மாதக்கணக்கில் கடையில் வாங்கிப் போடும் வலி மாத்திரையும் சிறுநீரகத்தைக் கெடுத்து வீக்கத்தைக் கொண்டுவரும்.

கர்ப்பிணியின் வீக்கம்

இந்தப் பாடத்தை எழுதுவதற்கு முக்கியக் காரணமே இந்தப் பகுதிதான்.

“புள்ளத்தாச்சின்னா கால் வீங்கத்தான் செய்யும்” என்று நம் ஊரில் சொல்வார்கள். அதில் பாதி உண்மை. கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு கூடுகிறது. வளரும் கர்ப்பப்பை காலிலிருந்து மேலே வரும் ரத்தக் குழாயை அழுத்துகிறது. அதனால் கடைசி மாதங்களில் சாயங்காலம் பாதம் லேசாக வீங்குவது பலருக்கும் உண்டு. மீதிப் பாதிதான் ஆபத்தானது. முகம், கை விரல்கள் திடீரென்று வீங்கினால், ஒரு வாரத்துக்குள் எடை மளமளவென்று ஏறினால், அது பிரஷர் ஏறியதன் அடையாளமாக இருக்கலாம்.

நம் பகுதிக் குழு உறுப்பினர் ஒருவரின் மகளுக்கு எட்டாம் மாதம். தலைப்பிள்ளை. வளைகாப்புக்குப் போட்ட வளையல் கையை இறுக்கியது. மோதிரம் கழலவில்லை. வந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லாம் “மூஞ்சி பூரிச்சு என்ன களையா இருக்கா பாரு” என்றார்கள். இரண்டு நாளாகத் தலைவலி என்று அந்தப் பெண் சொன்னதை, கூட்டத்தில் தூக்கம் கெட்டதால் என்று விட்டுவிட்டார்கள். வாரக் கூட்டத்தில் அந்த அம்மா இதைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னபோது ஊக்குநர் காதில் விழுந்தது. “அக்கா, மோதிரம் கழலலைன்னா சொன்னீங்க? தலைவலியும் இருக்கா? இப்பவே கிளம்புங்க” என்று அவரே கூடப் போனார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷர் 160-க்கு 110 இருந்தது. ஊசி போட்டு ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். குழந்தை குறைமாதத்தில், எடை குறைவாகப் பிறந்தது. தாயும் பிள்ளையும் இன்று நலமாக இருக்கிறார்கள். ஊக்குநருக்கு அந்த மோதிரம் ஒரு அறிகுறி என்று தெரிந்திருந்தது. அதுதான் இங்கே வேலை செய்தது.

இந்த நிலைக்கு டாக்டர்கள் சொல்லும் பெயர் ‘ப்ரீ எக்லாம்ப்சியா’. எக்லாம்ப்சியா என்றால் வலிப்பு. ப்ரீ என்றால் முன்பு. வலிப்பு வருவதற்கு முந்தைய கட்டம் என்று பொருள். எக்லாம்ப்சியாவும் கிரேக்கச் சொல்தான். அதன் மூல அர்த்தம் ‘பளிச்சென்று ஒளி வெட்டுவது’. மின்னல் வெட்டுகிற மாதிரி திடீரென்று வலிப்பு வருவதால் அந்தப் பெயர். நம் ஊரில் இதைச் ஜன்னி என்றும், காத்து கருப்பு அடித்துவிட்டது என்றும் சொல்லி மந்திரிக்கக் கூட்டிப் போவார்கள். அந்த நேரத்தில்தான் உயிர் போகிறது.

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்:

• முகம், கை வீக்கம். மோதிரம், வளையல் இறுகுவது
• விடாத தலைவலி
• கண் மங்குவது, கண்முன் பூச்சி பறப்பது
• மேல் வயிற்றில், விலாவுக்குக் கீழே வலி
• சிறுநீர் குறைவது
• குழந்தையின் அசைவு குறைவது

20 வாரத்துக்குப் பிறகு பிரஷர் 140-க்கு 90 அல்லது அதற்கு மேல் இருந்தால் டாக்டர் கவனிக்க வேண்டிய விஷயம். இதில் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். வீக்கமே இல்லாமலும் இந்தப் பிரஷர் வரும். அதனால்தான் ஒவ்வொரு மாதச் சோதனையிலும் பிரஷரும், சிறுநீரில் புரதமும், எடையும் பார்க்கிறார்கள். “எனக்குத்தான் வீக்கமே இல்லையே” என்று ஒரு சோதனையைக்கூட விடாதீர்கள். தலைப்பிரசவம், இரட்டைக் குழந்தை, முன்பு இதே தொந்தரவு வந்தவர்கள், ஏற்கனவே பிரஷர், சர்க்கரை உள்ளவர்கள் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும். பிரசவம் ஆன பிறகும், முக்கியமாக முதல் வாரத்தில், இது வரலாம். பிள்ளை பெற்றாகிவிட்டதே என்று தலைவலியை அலட்சியம் செய்யக் கூடாது.

வலிப்பைத் தடுக்க மெக்னீசியம் சல்பேட் என்ற ஊசி மருந்து இருக்கிறது. 33 நாடுகளில் சுமார் 10,000 கர்ப்பிணிகளிடம் ஆய்வு செய்து 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். இந்த மருந்து வலிப்பு வரும் வாய்ப்பைப் பாதிக்கு மேல் குறைக்கிறது என்று தெரிந்தது. விலை அதிகமில்லாத மருந்துதான். ஆனால் நேரத்தோடு போனால்தான் கிடைக்கும்.

வீட்டில் வலிப்பு வந்துவிட்டால் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், தண்ணீரும் ஊற்றாதீர்கள். கையில் இரும்பு கொடுத்துக்கொண்டு நிற்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

குழந்தையின் வீக்கம்

ஆப்பிரிக்காவில் கானா என்று ஒரு நாடு. அங்கே 1930-களில் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் டாக்டர் வேலை பார்த்தார். கால் வீங்கி, முடி நிறம் மாறி, தோல் உரிந்து, எதிலும் ஆசையில்லாமல் சோர்ந்து கிடக்கும் குழந்தைகள் அவரிடம் நிறைய வந்தார்கள். அவர் அந்த ஊர்த் தாய்மார்களிடமே கேட்டார். அவர்கள் ‘குவாஷியோர்கர்’ என்றார்கள். அடுத்த குழந்தை பிறந்ததும் மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்று அந்தச் சொல்லுக்கு அர்த்தம். தாய்ப்பால் நின்றுபோய், வெறும் கஞ்சியே உணவாகிப்போன குழந்தைகள் அவர்கள். சத்துக் குறைவுதான் காரணம் என்று வில்லியம்ஸ் எழுதினார். அந்தத் தாய்மார்கள் சொன்ன சொல்லே இன்று உலகம் முழுதும் மருத்துவப் புத்தகங்களில் இருக்கிறது. தாய்மாரின் அனுபவத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

நம் குழந்தைகளுக்கும் இது பொருந்தும். இரண்டு பாதத்தின் மேல்புறத்தையும் மூன்று எண்ணும் வரை அழுத்துங்கள். இரண்டு பாதத்திலும் பள்ளம் நின்றால் கடுமையான சத்துக்குறைவு இருக்கலாம். எடை எவ்வளவு இருந்தாலும் சரி, உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுவது. நீர் கோத்தால் எடை கூடும். “புள்ள கொழுகொழுன்னு இருக்கு” என்று சந்தோஷப்படுவோம். அது சதையா நீரா என்று விரல்தான் சொல்லும்.

இரண்டு பழைய செய்திகள்

1775-ல் இங்கிலாந்தில் வில்லியம் விதரிங் என்ற டாக்டரிடம் ஒரு குடும்ப மருந்தைப் பற்றிக் கருத்துக் கேட்டார்கள். டிராப்ஸி வீக்கத்துக்கு ஒரு கிராமத்துப் பாட்டி ரகசியமாக வைத்திருந்த மருந்து அது. இருபது மூலிகைக்கு மேல் அதில் இருந்தது. அவற்றில் வேலை செய்வது ‘ஃபாக்ஸ்குளோவ்’ என்ற ஒரு செடிதான் என்று அவர் கண்டுபிடித்தார். பத்து வருடம் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, எத்தனை கொடுத்தால் மருந்து, எத்தனை கூடினால் விஷம் என்று குறித்துவைத்து 1785-ல் புத்தகமாக வெளியிட்டார். அந்த வகைச் செடியிலிருந்து எடுத்த டிகாக்சின் மாத்திரை இன்றும் இதய நோய்க்குப் பயன்படுகிறது. பாட்டி வைத்தியம் பொய்யில்லை. ஆனால் அளவு தெரியாத மருந்து ஆபத்து. நம் அரளியில் இருப்பதும் இதே வகை நஞ்சுதான் என்பதை மறக்க வேண்டாம்.

இரண்டாவது செய்தி டெல்லியில் 1998-ல் நடந்தது. ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கால் வீங்கி, மூச்சு வாங்கியது. 60 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். காரணம் சமையல் எண்ணெய். கடுகெண்ணெயில் பிரமதண்டு விதையின் எண்ணெய் கலந்திருந்தது. தரிசிலும் ரோட்டோரத்திலும் மஞ்சள் பூவோடு முள்ளாக நிற்குமே, அந்தச் செடிதான். அதன் விதை பார்ப்பதற்குக் கடுகு மாதிரியே இருக்கும். அதிலுள்ள நஞ்சு ரத்தக் குழாய்களை ஓட்டையாக்கி நீரைக் கசியவிடுகிறது. நாம் மேலே பார்த்த மூன்றாவது காரணம். நம் குழுக்களில் எண்ணெய் ஆட்டியும், மசாலாப் பொடி அரைத்தும் விற்கும் சகோதரிகள் இருக்கிறீர்கள். வித்தும் கடுகும் வாங்கினால் புடைத்து, சலித்து, வேறு விதை கலந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே பயன்படுத்துங்கள். உங்கள் பொருளை நம்பி வாங்குகிறவர்களின் உயிர் அதில் இருக்கிறது.

செய்யக் கூடாதவை

• மருந்துக் கடையில் ‘நீர் மாத்திரை’ கேட்டு வாங்கிப் போடக் கூடாது. டாக்டர் சொல்லாமல் போட்டால் உடம்பின் உப்புச்சத்து குறைந்து மயக்கம் வரும். கர்ப்பிணிகள் தொடவே கூடாது.
• வீக்கம் என்று கர்ப்பிணிக்குத் தண்ணீரையும் சாப்பாட்டையும் குறைக்கக் கூடாது. பார்லிக் கஞ்சி குடிப்பதில் தவறில்லை. ஆனால் கஞ்சியை நம்பிச் சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.
• இறுக்கமான கயிறு, மெட்டி, கொலுசு போட்டிருந்தால் வீக்கம் கண்டவுடனே கழற்றிவிட வேண்டும்.
• யானைக்கால் உள்ளவர்களை ஒதுக்கக் கூடாது. தொட்டால் ஒட்டாது. தினமும் காலைச் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்கு வரை ஈரம் துடைத்து, செருப்புப் போட்டு நடந்தால் சீழ் பிடிக்காமல் காக்கலாம்.

குழுவில் நாம் என்ன செய்யலாம்?

ஒவ்வொரு கூட்டத்திலும் வரவு செலவு பார்த்த பிறகு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். “யார் வீட்டில் கர்ப்பிணி இருக்கிறார்? இந்த மாதம் பிரஷர் பார்த்தாச்சா?” என்று கேட்டுத் தீர்மானப் புத்தகத்திலேயே எழுதுங்கள். கிராம சுகாதார செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், 108 எண்களைக் குழுக்கூட்டம் நடக்கும் இடத்தில் எழுதி ஒட்டுங்கள். நம் தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போய்ப் பிரஷரும் சர்க்கரையும் பார்ப்பவர்கள் நம்மைப் போன்ற சுய உதவிக் குழுப் பெண்கள்தான். அவர்கள் வரும்போது கால் வீக்கத்தையும் சொல்லுங்கள்.

மருத்துவ அவசரத்துக்கான உள்கடனைக் கூட்ட நாள் வரும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே கொடுக்கலாம் என்று முன்கூட்டியே தீர்மானம் போட்டு வையுங்கள். ராத்திரி பத்து மணிக்கு வண்டி ஏறும்போது பெட்டிச் சாவி யாரிடம் என்று தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

ஆஸ்பத்திரியில் சீட்டைக் கொடுத்ததும் இப்படிக் கேளுங்கள்: “எடிமான்னு எழுதியிருக்கீங்க டாக்டர். வீக்கம்னு தெரியும். என்ன காரணத்தால வீக்கம்?” சொல்லின் அர்த்தம் தெரிந்தவருக்குத்தான் இந்தக் கேள்வி வரும். கேட்பதில் கூச்சம் வேண்டாம், அது நம் உரிமை.

கலந்து பேச

1. எடிமா நோயா, அறிகுறியா? ஏன் அப்படிச் சொல்கிறோம்?
2. கர்ப்பிணியின் கால் வீக்கத்துக்கும் முக வீக்கத்துக்கும் என்ன வித்தியாசம்?
3. எடை கூடிய குழந்தைக்கும் சத்துக்குறைவு இருக்கலாம் என்பது எப்படி?
4. நம் ஊரில் வீக்கத்துக்கு வேறு என்னென்ன சொற்கள் வழங்குகின்றன? பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள்.
5. நம் குழுவில் மருத்துவ அவசரக் கடனுக்குத் தீர்மானம் இருக்கிறதா? இல்லையென்றால் எப்போது போடப் போகிறோம்?

நாலாவது கேள்விக்கு வரும் சொற்களை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழ்களில் சேர்த்து வெளியிடுகிறோம்.